கோடு இல்லாத நிறமாலை: தொலைதூர ரேடியோ கேலக்ஸிகளைக் கண்டுபிடிப்பதும் அளப்பதும்

ரேடியோ வானத்தின் வரைபடம் எதைத் திறந்தாலும் கண்ணில் படுவது புள்ளிகள்தான்; ஒவ்வொன்றும் ரேடியோ அலை வீசும் ஒரு மூலம். புனேவுக்கு வடக்கே கோடத் கிராமத்தில் இருக்கும் ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கி 2010 முதல் 2012 வரை 150 மெகாஹெர்ட்ஸில் வானத்தின் 90 சதவீதத்தை அலசியது. 2017-இல் வெளியான அந்தப் பட்டியலில் சுமார் 6,20,000 புள்ளிகள் இருக்கின்றன. இவற்றில் எது பக்கத்துக் கேலக்ஸி, எது பிரபஞ்சத்துக்கு நூறு கோடி வயது ஆனபோது கிளம்பிய அலை என்று பட்டியலைப் பார்த்துச் சொல்ல முடியாது.

காரணம் அந்த அலைகள் பிறக்கும் விதத்தில் இருக்கிறது. கேலக்ஸியின் நடுவிலுள்ள கருந்துளையிலிருந்து இரண்டு பக்கமும் தாரைகள் பீறிடுகின்றன. அவற்றில் ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் ஓடும் எலக்ட்ரான்கள் காந்தப்புலத்தைச் சுற்றிச் சுழலும்போது வெளிவிடுவது சின்க்ரோட்ரான் கதிர்வீச்சு. அதன் நிறமாலை வழுவழுப்பான ஒரு சரிவு; மேடு பள்ளம் கிடையாது, அணுக்களும் மூலக்கூறுகளும் தத்தம் அலைநீளத்தில் பதிக்கும் கோடுகள் கிடையாது. தொலைவைச் சொல்வது செம்பெயர்ச்சி: பிரபஞ்சம் விரிவதால், தெரிந்த ஒரு கோடு நீண்ட அலைநீளத்தை நோக்கி எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது என்ற கணக்கு; நகர்வு கூடினால் தொலைவும் கூடும். கோடே இல்லாத இடத்தில் நகர்வை எதை வைத்து அளப்பது? ஒரு சரிவை அப்படியே நகர்த்தி வைத்தாலும் அது அதே சரிவாகத்தான் தெரியும்.

ஆகவே தொலைதூர ரேடியோ கேலக்ஸியைத் தேடுவது சல்லடை போடுகிற வேலை. லட்சக்கணக்கான புள்ளிகளைச் சில நூறாக்கி, சில நூறைச் சில பத்தாக்கி, கடைசியில் பெரிய தொலைநோக்கியின் நேரத்தை ஒவ்வொன்றாகச் செலவிட வேண்டும். ஒவ்வொரு சல்லடையும் குப்பையோடு நல்ல மணியையும் கொஞ்சம் தள்ளிவிடுகிறது. முடிவுகளைப் படிக்கிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

முதல் சல்லடை: சரிவு

1979-இல் டீலன்ஸ், மைலி, வில்லிஸ் ஆகிய மூவர் கேம்பிரிட்ஜின் 4சி பட்டியலில் ஒன்றைக் கவனித்தார்கள். அதிர்வெண் ஏற ஏற வலிமை மிக வேகமாகக் குறையும் மூலங்களுக்கு, பாலோமர் வான்காணகத்தின் புகைப்படத் தட்டுகளில் கண்ணுக்குப் புலனாகும் ஒளியில் கேலக்ஸி அகப்படுவது குறைவாக இருந்தது. செங்குத்தான சரிவு உடையவை தொலைவில் இருக்கின்றன என்பதே அதற்கு இயல்பான விளக்கம். இன்றுவரை இந்தத் துறையின் முக்கியமான தேடல் வழி அதுதான்.

கணக்கு எளிது. ஒரு மூலம் 150 மெகாஹெர்ட்ஸில் 200 மில்லிஜான்ஸ்கி (ரேடியோ வலிமையின் அலகு), 1,400 மெகாஹெர்ட்ஸில் 10 மில்லிஜான்ஸ்கி என்று வைத்துக்கொள்வோம். வலிமைகளின் விகிதம் 20, அதன் மடக்கை 1.301. அதிர்வெண்களின் விகிதம் 9.33, அதன் மடக்கை 0.970. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 1.34. வலிமை குறைவதால் சரிவைச் சொல்லும் குறியெண் −1.34. சாதாரண ரேடியோ கேலக்ஸிக்கு இது −0.7, −0.8 என்று இருக்கும். −1.3-ஐவிடச் செங்குத்தாக இருந்தால் 'அதிசெங்குத்து' என்று தனியே எடுத்து வைப்பது வழக்கம். 2000-இல் டி ப்ரூக் குழு இந்த வரம்பை வைத்துப் பல பெரும் பட்டியல்களைச் சலித்தபோது மிஞ்சியவை 669.

இரண்டு அதிர்வெண்களுக்கும் இடையே நல்ல இடைவெளி வேண்டும். மேலே சொன்ன கணக்கில் ஒரு முனையில் 10 சதவீதம், மறுமுனையில் 5 சதவீதம் பிழை இருந்தால் குறியெண்ணில் வரும் பிழை 0.05; அது தாங்கும். அதே பிழைகளோடு 150-க்கும் 230-க்கும் இடையே கணக்கிட்டால் பிழை 0.26 ஆகிவிடும். அப்போது −1.3 என்ற வரம்புக்கே பொருள் இல்லை.

தொலைவில் இருந்தால் ஏன் சரிவு செங்குத்தாக வேண்டும்? நெடுநாள் சொல்லப்பட்ட விளக்கம் இது: மூலத்தின் சரிவு உயர் அதிர்வெண்ணில் தானாகவே செங்குத்தாகிறது, செம்பெயர்ச்சி அந்தப் பகுதியை நம் கருவியின் எல்லைக்குள் கொண்டுவந்துவிடுகிறது. இன்னொரு காரணம் நுண்ணலைப் பின்னணி, அதாவது பெருவெடிப்பிலிருந்து மிஞ்சி எங்கும் நிறைந்திருக்கும் கதிர்வீச்சு. செம்பெயர்ச்சி 5-இல் அதன் ஆற்றல் அடர்த்தி இன்றுள்ளதைப்போல் 6-இன் நான்காம் அடுக்கு, அதாவது 1,296 மடங்கு. எலக்ட்ரான்கள் அந்த ஃபோட்டான்களில் மோதி ஆற்றலை இழக்கின்றன. அந்த இழப்பு 117 மைக்ரோகாஸ் காந்தப்புலத்தில் சின்க்ரோட்ரானால் ஏற்படும் இழப்புக்குச் சமம். அதிக ஆற்றலுள்ள எலக்ட்ரான்கள் முதலில் தீர்வதால் நிறமாலையின் மேல்முனை தேய்ந்துபோகிறது. மூன்றாவது, சுற்றியுள்ள வாயுவின் அடர்த்தி: அடர்ந்த இடத்தில் தாரை விரியாமல் திணறுகிறது, அங்கே அடைபடும் எலக்ட்ரான்கள் பழையதாகிக்கொண்டே போகின்றன.

இவற்றில் எது முதன்மை என்பதில் கருத்து ஒன்றுபடவில்லை. 2006-இல் கிளாமர் குழு அதிசெங்குத்து மூலங்கள் பலவற்றைப் பல அதிர்வெண்களில் அளந்தது. பெரும்பாலானவை வளையாமல் நேர்கோடாகவே இருந்தன. நேர்கோட்டை எவ்வளவு நகர்த்தினாலும் சரிவு மாறாது என்பதால் முதல் விளக்கம் அங்கே ஆட்டம் காண்கிறது. அடர்ந்த சூழலே பெரிய காரணம் என்று தோன்றுகிறது. அப்படியானால் செங்குத்துச் சரிவு சூழலைப் பற்றிய துப்பு. தொலைவைச் சுற்றி வளைத்துத்தான் சொல்கிறது. இந்த வேறுபாடு முக்கியமானது. சாதாரணச் சூழலில் இருக்கும் தொலைதூரக் கேலக்ஸி சாதாரணச் சரிவோடு இருந்து சல்லடையில் நழுவிவிடும். ஹப்பிள் தொலைநோக்கி நெடுநேரம் உற்றுப் பார்த்த ஆழ்புலத்தின் ஓரத்தில் 1999-இல் கண்டறியப்பட்ட, செம்பெயர்ச்சி 4.42 கொண்ட கேலக்ஸிக்கு −1.3 வரம்பு எட்டவே இல்லை. அது சரிவை வைத்துத் தேடியபோது கிடைத்ததல்ல, ஆழமான ரேடியோ படத்தில் கிடைத்தது.

பொய்ச் சரிவுகள்

பட்டியல்களை அப்படியே வகுத்துப் பார்ப்பவர்கள் முதலில் விழும் குழி, இரண்டு பட்டியல்களின் பார்வைக் கூர்மை வேறாக இருப்பது. ஜிஎம்ஆர்டி அளவைக்கு அது 25 விகலை (ஒரு விகலை என்பது பாகையின் 3,600-இல் ஒரு பங்கு; எண் சிறிதானால் கூர்மை அதிகம்). 1,400 மெகாஹெர்ட்ஸில் என்விஎஸ்எஸ் அளவைக்கு 45 விகலை, ஃபர்ஸ்ட் அளவைக்கு 5 விகலை. தாரையின் முனையில் 20 விகலைக்குப் பரவிக் கிடக்கும் மங்கலான ரேடியோ மேகத்தை, அதாவது மடலை, ஃபர்ஸ்ட் பெருமளவு தவறவிடும். வலிமை குறைவாகப் பதிவாகி, இல்லாத செங்குத்து ஒன்று முளைக்கும். கூர்மை குறைந்த பட்டியலில் பக்கத்துப் பக்கத்து மூலங்கள் இரண்டும் ஒன்றாக ஒட்டிக்கொண்டாலும் இதே கோளாறு வரும். உயர் அதிர்வெண் படத்தின் கூர்மையைக் குறைத்து, இரண்டையும் ஒரே கூர்மையில் கொண்டுவந்து, கண்ணால் பார்த்த பிறகுதான் வகுக்க வேண்டும்.

பிறகு காலம். இரண்டு அளவைகளுக்கும் இடையே பத்துப் பதினைந்து ஆண்டுகள் போயிருந்தால், பொலிவு மாறும் மூலங்கள் தவறான சரிவைக் காட்டும்.

உண்மையிலேயே செங்குத்தாக இருந்தும் பிரபஞ்சத்தின் மறுகோடியில் இல்லாதவையும் உண்டு. கேலக்ஸிக் கொத்துகளில் மோதல் விட்டுச் சென்ற எச்சங்கள் அப்படிப்பட்டவை. பரந்து கிடப்பதால் அடையாளம் தெரிந்துவிடும். பல்சர்கள், அதாவது துடிப்பாக ரேடியோ அலை வீசிச் சுழலும் இறந்த நட்சத்திரங்கள், அவ்வளவு எளிதல்ல. அவையும் செங்குத்து, மிகச் சிறியவை, ஒளிப்படத்தில் எதுவும் தெரியாது. தொலைதூரக் கேலக்ஸிக்குச் சொல்லும் அங்க அடையாளம் அத்தனையும் பொருந்தும். 4சி 21.53 என்ற புதிரான செங்குத்து மூலத்தைத் துருவியபோதுதான் 1982-இல் முதல் மில்லிவிநாடி பல்சர் வெளிப்பட்டது. இன்று வட்ட முனைவாக்கம் (அலையின் அதிர்வுத் திசை சுழல்வது) தெரிகிறதா என்று பார்த்துப் பல்சர்களைக் கழிக்கிறார்கள்.

இரண்டாவது சல்லடை: இருக்க வேண்டிய இடத்தில் எதுவும் இல்லாமை

அடுத்து, புள்ளியின் இடத்தை ஒரு விகலைக்குள் பிடிக்க வேண்டும். 150 மெகாஹெர்ட்ஸ் படம் இதற்குப் போதாது. தாழ் அதிர்வெண்ணில் அயனி மண்டலம் அலையை வளைத்துவிடும். வானத்தின் ஒவ்வொரு திசைக்கும் வெவ்வேறு அளவில் வளைக்கும், நிமிடத்துக்கு நிமிடம் மாற்றி வளைக்கும். திசைவாரியாகத் திருத்தம் செய்தாலும் நிலைப்பிழை ஓரிரு விகலை மிஞ்சுகிறது. ஆழமான அகச்சிவப்புப் படத்தில் அந்த வட்டத்துக்குள் இரண்டு மூன்று கேலக்ஸிகள் நிற்கும். ஆகவே அமெரிக்காவின் விஎல்ஏ ரேடியோ தொலைநோக்கி போன்ற கருவியில் 1,400 மெகாஹெர்ட்ஸில் மறுபடி படம் எடுக்கிறார்கள். அங்கே பெரும்பாலும் புள்ளி இரண்டாகப் பிரியும். அவை இரண்டு மடல்கள். கேலக்ஸி அவற்றுக்கு நடுவில் எங்கோ இருக்கும், இரண்டில் ஒன்றின் மேல் அல்ல. பொலிவான மடலின் மீதே நிறமாலைமானியின் பிளவை (ஒளியை உள்ளே விடும் மெல்லிய திறப்பை) வைத்து ஒரு முழு இரவை வீணாக்குவது நடக்கக்கூடிய தவறு.

இடம் தெரிந்ததும் 2.2 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில், கே-பட்டையில், படம். 1984-இல் லில்லி, லாங்கேர் இருவரும் காட்டியது: ரேடியோ கேலக்ஸிகளின் கே-பட்டைப் பொலிவும் செம்பெயர்ச்சியும் வியப்பூட்டும் அளவுக்கு ஒழுங்காக இணைந்து போகின்றன. வலிமையான ரேடியோ மூலம் எப்போதும் அந்தக் காலத்தின் மிகக் கனமான கேலக்ஸிகளில் குடியிருப்பதால் இந்த ஒழுங்கு வருகிறது. எவ்வளவு மங்கலோ அவ்வளவு தொலைவு. செம்பெயர்ச்சி 3-க்கு அப்பால் சிதறல் கூடிவிடுவதால் இதை அளவுகோலாகக் கொள்ள முடியாது, முன்னுரிமைப் பட்டியல் போட உதவும். ஒளிப்படத்தில் வெறுமை, கே-பட்டையிலும் வெறுமை என்றால் அந்த மூலம் வரிசையில் முதலிடத்துக்கு வருகிறது. ஒன்றும் தெரியாததற்காகச் சந்தோஷப்படும் அபூர்வமான வேலை இது.

ஆஸ்திரேலியாவின் எம்டபிள்யூஏ தொலைநோக்கியை வைத்து வேலை செய்த ட்ரூவார் குழு முதல் சல்லடையையே மாற்றியது. ஒரே கருவி 72 முதல் 231 மெகாஹெர்ட்ஸ் வரை இருபது துண்டுகளாக அளப்பதால், சரிவை மட்டும் பார்க்காமல் அது வளையும் விதத்தையும் சேர்த்துப் பார்த்தார்கள். அதோடு கே-பட்டை வெறுமை. அந்த முன்னோட்டத்தில் எடுத்துக்கொண்ட நான்கில் ஒன்று செம்பெயர்ச்சி 5.55 என்று 2020-இல் வெளியானது.

கோட்டைப் பிடிப்பது

இனி எட்டு, பத்து மீட்டர் தொலைநோக்கி. தேடும் பொருள் கண்ணுக்குத் தெரியாது என்பதால், 60 விகலைக்குள் உள்ள பொலிவான நட்சத்திரத்தை முதலில் பிளவில் நிறுத்தி, அளந்த தூரத்துக்கு நகர்த்திப் போகிறார்கள். பிளவை ரேடியோ மடல்கள் இரண்டையும் இணைக்கும் திசையில் வைப்பது நல்லது. இந்தக் கேலக்ஸிகளில் ஒளிரும் வாயு பெரும்பாலும் தாரையின் போக்கிலேயே நீண்டு கிடக்கும் என்பது 1987-லிருந்து தெரிந்த விஷயம். மொத்த நேரத்தை இருபது, முப்பது நிமிடத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் பொருளைப் பிளவின் நீளத்தில் கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டும். உணரியில் விழும் ஒரு காஸ்மிக் கதிர் அச்சு அசலாக உமிழ்கோடு போலவே தோன்றும். எல்லாத் துண்டிலும், தள்ளி வைத்த அளவுக்குச் சரியாக நகர்ந்து தெரிவதுதான் உண்மையான கோடு.

எதிர்பார்ப்பது ஹைட்ரஜனின் லைமன்-ஆல்ஃபா. பிறக்கும்போது அதன் அலைநீளம் 1,215.67 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரின் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு), செம்பெயர்ச்சி 5.19-இல் 7,525. ஆனால் 7,000-க்கு அப்பால் நம் வளிமண்டலத்தின் ஹைட்ராக்சில் மூலக்கூறுகள் சொந்தமாக நூற்றுக்கணக்கான கோடுகளை உமிழ்கின்றன. தேடும் கோடு அவற்றில் ஒன்றின் அடியில் விழுந்தால் அதோடு போயிற்று. 8,150-ஐ ஒட்டி ஒரு சுத்தமான இடைவெளி இருக்கிறது. செம்பெயர்ச்சி 5.7-இல் கண்டுபிடிப்புகள் குவிவதற்கு இந்த ஜன்னலும் ஒரு காரணம்.

இனிதான் உண்மையான ஆபத்து. பெரும்பாலும் கிடைப்பது ஒரே ஒரு கோடு. அது எந்தக் கோடு? 2018-இல் ஜிஎம்ஆர்டி பட்டியலிலிருந்து பிடித்த டிஜிஎஸ்எஸ் ஜே1530+1049 என்ற மூலத்தில் சுமார் 8,170 ஆங்ஸ்ட்ராமில் ஒரு கோடு தெரிந்தது. லைமன்-ஆல்ஃபா என்று கொண்டால் செம்பெயர்ச்சி 5.72, அப்படித்தான் அன்று வெளியானது. அதே கோட்டை ஆக்சிஜனின் 3,727 என்று கொண்டால் 1.19. ஹீலியத்தின் 1,640 என்று கொண்டால் 3.98. ஒரே மேடு, மூன்று பிரபஞ்ச வயது. முதலுக்கும் இரண்டாவதுக்கும் இடையே 400 கோடி ஆண்டுகள் இருக்கின்றன.

பிரித்தறிய வழிகள் உண்டு. ஆக்சிஜன் கோடு உண்மையில் 3,726, 3,729 என்ற இரட்டை. 8,170-இல் அவை 6 ஆங்ஸ்ட்ராம் விலகி நிற்கும். அதைப் பிரிக்க நிறமாலைமானியின் பகுதிறன் (நெருங்கிய கோடுகளைப் பிரித்துக் காட்டும் திறன்) 1,400-ஆவது வேண்டும். லைமன்-ஆல்ஃபாவின் நீலப்பக்கத்தை இடையிலுள்ள ஹைட்ரஜன் தின்றுவிடுவதால் அது ஒருபக்கம் செங்குத்தாகவும் மறுபக்கம் வாலோடும் இருக்க வேண்டும். ஆனால் ரேடியோ கேலக்ஸிகளில் வாயு விநாடிக்கு ஆயிரம் கிலோமீட்டர் வேகத்தில் கலங்குவதால் கோடு அகன்று அந்தச் சாய்வு மறைந்துவிடும். இரைச்சல் மிகுந்த தரவில் சாய்வு இல்லாத இடத்திலும் சாய்வு தெரியும். வடிவத்தை வைத்துச் சொல்லும் தீர்ப்பு எவ்வளவு கவனமாகச் சொன்னாலும் அரைத் தீர்ப்பே. ஒற்றைக் கோட்டில் நிற்கும் எந்தச் செம்பெயர்ச்சியையும் ஒரு கேள்விக்குறியோடுதான் தூக்கிச் செல்ல வேண்டும்.

இரண்டாவது கோடு வந்தால் கதை மாறுகிறது. 1999-இல் செம்பெயர்ச்சி 5.19 என்று அறிவிக்கப்பட்ட டிஎன் ஜே0924−2201 மிகத் தொலைதூர ரேடியோ கேலக்ஸி என்ற சாதனையைப் பல ஆண்டுகள் வைத்திருந்தது. 2005-இல் அதே கேலக்ஸியில் கார்பன் மோனாக்சைடின் கோடுகள் இரண்டு ரேடியோ அலையில் பிடிபட்டு அந்த எண்ணை உறுதி செய்தன. கார்பன் மோனாக்சைடு ஏணிப்படிகள் போலச் சம இடைவெளியில் கோடுகள் தரும். படிக்குப் படி 115.27 கிகாஹெர்ட்ஸ். ட்ரூவார் குழுவின் 5.55 கேலக்ஸியையே பார்ப்போம். ஆறாவது படி 105.57-இலும் ஐந்தாவது படி 87.98-இலும் வர வேண்டும். இடைவெளி 17.59, அதைக்கொண்டு 115.27-ஐ வகுத்தால் 6.55, அதில் ஒன்றைக் கழித்தால் 5.55. 105.57-ஐ 17.59-ஆல் வகுத்தால் சரியாக 6 வருகிறதா என்று பார்ப்பது கூடுதல் சரிபார்ப்பு. சிலியில் உள்ள அல்மா தொலைநோக்கி இந்தக் கோடுகளைத்தான் பிடித்தது. இப்போது ஜேம்ஸ் வெப் அகச்சிவப்பில் ஆக்சிஜனின் 4,959, 5,007 இரட்டையைப் பார்க்கிறது. ஒன்றுக்கு மூன்று என்ற மாறாத விகிதத்தில் நிற்பதால் அதை வேறு எதோடும் குழப்ப முடியாது.

எண் கிடைத்த பிறகு

செம்பெயர்ச்சி தெரிந்தால் ஆற்றலைக் கணக்கிடலாம். அதிலும் இடறல் உண்டு. 150 மெகாஹெர்ட்ஸில் அளந்த அலை செம்பெயர்ச்சி 5-இல் கிளம்பும்போது 900 மெகாஹெர்ட்ஸ். அதைத் திரும்ப 150-க்குக் கொண்டுவரச் சரிவு தேவை. −1.4 என்று எடுத்தால் திருத்தம் 2.05 மடங்கு; வழக்கம்போல −0.7 என்று போட்டுவிட்டால் 0.58. மூன்றரை மடங்கு வித்தியாசம்! அளக்காத தாழ் அதிர்வெண்ணில் சரிவு மட்டமாகி வளையவும் கூடும். மூலத்தின் 1,400 மெகாஹெர்ட்ஸ் ஆற்றலைச் சொல்வதே பாதுகாப்பு: அது நமக்கு 233 மெகாஹெர்ட்ஸாக வருகிறது, அளந்த எல்லைக்குள்ளேயே இருக்கிறது, ஊகம் தேவையில்லை.

அளவும் அப்படியே. செம்பெயர்ச்சி 5.19-இல் ஒரு விகலை ஏறக்குறைய 20,000 ஒளியாண்டு. டிஎன் ஜே0924−2201-இன் மடல்கள் 1.2 விகலை தள்ளி நிற்கின்றன, அதாவது சுமார் 25,000 ஒளியாண்டு. நம் பால்வழியின் வட்டுக்குள் அடங்கிவிடும். பக்கத்து ரேடியோ கேலக்ஸிகள் பல லட்சம் ஒளியாண்டு நீள்பவை. இளமை, அடர்ந்த வாயு, நுண்ணலைப் பின்னணி மடல்களை அணைத்துவிடுவது என்று காரணங்கள் மூன்றும் சேர்ந்தே வேலை செய்கின்றன.

ரேடியோ மூலங்களின் அளவை வைத்துப் பிரபஞ்சத்தை விசாரிப்பதில் நீலகிரிக்குப் பெரும் பங்கு உண்டு. முத்தோரையில் 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமுமாக, 11 பாகை மலைச்சரிவில் 1970-இல் எழுந்த ஊட்டி தொலைநோக்கி, நிலவு ஒரு மூலத்தை மறைக்கும் கணத்தில் 327 மெகாஹெர்ட்ஸ் சமிக்ஞை அலைவுற்று விழும் வடிவத்தைப் பதிவு செய்தது. நிலவு விநாடிக்கு அரை விகலை நகர்வதால், விழும் வேகமே மூலத்தின் அளவைச் சொல்லிவிடும். இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட மூலங்கள். மங்கலானவை சராசரியில் சிறியவை என்று 1975-இல் கோவிந்த் ஸ்வரூப்பும் கபாஹியும் காட்டினார்கள். பிரபஞ்சம் காலத்தோடு மாறி வந்திருக்கிறது என்பதற்கு அது ஒரு சான்றானது.

சரிவுச் சல்லடையே இல்லாமல் தேடும் வழி இப்போது திறந்திருக்கிறது. ஐரோப்பாவின் லோஃபார் 144 மெகாஹெர்ட்ஸில் 6 விகலைக் கூர்மையோடு 2022-இல் வெளியிட்ட தொகுதியில் 44 லட்சம் மூலங்கள். லா பால்மா தீவின் 4.2 மீட்டர் வில்லியம் ஹெர்ஷல் தொலைநோக்கியில் பொருத்திய வீவ் கருவி, ஒரே நேரத்தில் சுமார் ஆயிரம் ஒளியிழைகளை அந்த மூலங்களின் மேல் வைக்கும். செங்குத்தா மட்டமா, ஒளிப்படத்தில் தெரிகிறதா என்ற எந்த முன்தேர்வும் வேண்டாம். 3,660 முதல் 9,590 ஆங்ஸ்ட்ராம் வரை பார்ப்பதால் செம்பெயர்ச்சி 2-லிருந்து 6.9 வரை லைமன்-ஆல்ஃபா அதன் எல்லைக்குள் விழும். பகுதிறன் 5,000, ஆக்சிஜன் இரட்டை வேடம் போட்டு வந்தால் அங்கேயே இரண்டாகப் பிரிந்து தெரியும்.